மூன்று அமுக்குக்கு ஒரு படம்

தொம்மையின் பங்கில் முதலில் கை வைத்தது சந்தியாகுதான், கூடப் பிறந்த அண்ணன். மற்றவர்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிந்தி வந்தது. அவருடைய போட்டோ ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே ஸ்டூடியோ போட்டவன், கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தவள், திருநாள் மலரில் படத்தைப் போட்டுவிட்டு எடுத்தவன் பேரைப் போடாமல் விட்ட பழைய பங்குச்சாமி என்று தொம்மையின் மனசுக்குள் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். வரிசையின் தலைப்பில் நிற்பது சந்தியாகு. அந்த இடத்தை வேறொருவன் பிடித்துவிடாமல் தொம்மை இத்தனை காலமாகக் காவல் காத்து வருகிறார். அந்தச் சந்தியாகுதான் இப்போது கோயிலின் முதல் பெஞ்சில், கஞ்சி போட்ட சட்டையும் சரிகை வேட்டியுமாக, பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். பாதி முகம் கேமராவுக்குத் தெரிய வேண்டும், ஆனால் கேமராவுக்காக உட்கார்ந்த மாதிரி இருக்கக் கூடாது, ஜெபம் பண்ணுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவனே சொல்லி, அவனே இடம் மாறி மாறி உட்கார்ந்து, அவனே திருப்திப்பட்டுக்கொண்டான். ஜூபிலி காலண்டருக்குக் கோயிலின் உள்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். விழாக் கமிட்டித் தலைவர் சந்தியாகு வாத்தியார். தலைவர் இல்லாமல் கோயில் எப்படி? அடுத்த வாரம் அவன் கனடாவுக்குப் போகிறான், மகனோடு இருந்துவிட. வீட்டைக்கூட விலை பேசி முடித்தாயிற்று. இனி இந்த ஊர் மண்ணை அவன் மிதிக்கப்போவதில்லை. ஆக, தொம்மைக்கு வரவேண்டியது வருவதாக இருந்தால் இன்றைக்கு, மேற்குச் சன்னலில் வெயில் இருக்கிற நேரத்துக்குள் வந்தாக வேண்டும். அது காசு இல்லை. காசாக இருந்தால் எப்போதோ சட்டையைப் பிடித்து வாங்கியிருப்பார், அல்லது ஒழியட்டும் என்று தலையைச் சுற்றி எறிந்திருப்பார். வரவேண்டியது ஒரே ஒரு போட்டோ.

கோயிலுக்குள் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சாயங்கால வெயில் விழுந்து மேற்குச் சன்னலின் வண்ணக் கண்ணாடி அடுப்புக் கங்கு மாதிரி கனன்றுகொண்டிருக்கும். தூண்களுக்குப் பின்னாலும் பெஞ்சுகளுக்கு அடியிலும் இருட்டு படுத்துக் கிடக்கும். சன்னலுக்குச் சரியாக வைத்தால் ஆட்கள் கரிக்கட்டை. ஆட்களுக்குச் சரியாக வைத்தால் சன்னல் வெளுத்த துணி. மனுஷக் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது, கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி, ஒரே காட்சியை அசையாமல் மூன்று தடவை எடுக்க வேண்டும். முதலாவது இருட்டாக, அதில் சன்னல் மட்டும் உயிரோடு இருக்கும். இரண்டாவது நடுத்தரம், அதில் எதுவும் முழுசாக இருக்காது. மூன்றாவது வெளிச்சமாக, அதில் சன்னல் எரிந்து போயிருக்கும், ஆனால் முழந்தாள் பலகையின் கிழிசல்கூடத் தெரியும், ஆட்களின் முகம் தெரியும். மூன்றையும் டவுன் போட்டோ லேப்பில் இருக்கிற முத்துச்செல்வி கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தருவாள். அவள் அதை எச்டிஆர் என்பாள். தொம்மை மூணடுக்கு என்பார். மூன்றையும் படபடவென்று தானே எடுத்துக்கொள்கிற வசதியும் கேமராவில் இருக்கிறது, வாங்கிக் கொடுத்த மருமகன் காட்டினான். தொம்மைக்கு அது ஒட்டவில்லை. ஒரு அமுக்குக்கு ஒரு படம், மூன்று அமுக்குக்கு முழுப் படம், அவருக்கு அதுதான் தோது. இடையில் நிறுத்தினால் கேமரா விடாது. ஒன்றோ இரண்டோ எடுத்துவிட்டு அணைத்துப் போட்டாலும், மறுநாள் திறந்ததும் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். பாக்கியைத் தீர்க்காமல் புதுசாக ஒன்றும் எடுக்காது. அந்தக் கேமராவில் தொம்மைக்கு ரொம்பப் பிடித்த குணம் அது. ஊரில் அப்படி ஒரு மனுஷனை அவர் பார்த்ததில்லை, தன்னைத் தவிர.

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். ஓடுகிற விசிறி மூன்று படத்திலும் மூன்று கோலத்தில் நிற்கும். மணி அடிக்கிற கோயில்பிள்ளை மரியான் சுவரோரமாகப் போய் ஒவ்வொரு பொத்தானாக அணைத்துவிட்டு வந்தான். இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன, உடனே புழுக்கம் வந்து கழுத்தில் கை போட்டது. கடல் பக்கத்துக் கதவையும் சாத்தச் சொல்லியிருந்தார், வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்கும் என்று. அது பாதிதான் நிஜம். சந்தியாகுவின் சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கியது. சீக்கிரம் எடுல, வேக்காடு தாங்கலை என்றான் திரும்பாமலே. தொம்மை சன்னலைப் பார்த்தார், மெல்லிய மேகம் ஒன்று வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. மேகம் விலகட்டும்ணே, ஆடாம இருங்க என்றார். ஆடாம இருங்க. அந்த இரண்டு வார்த்தையும் வாயில் போட்ட கற்கண்டு மாதிரி இனித்தது. எத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்து ஆடாதே ஆடாதே என்று பிரம்பைத் தட்டின ஆள். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கும் அப்படித்தான் எல்லாரையும் நிறுத்தினான், பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி, நீ இங்க, நீ அங்க, பொம்பளையாளுக இடது பக்கம், அழுகிறவர்களைக்கூடத் தோளைப் பிடித்து வரிசையில் தள்ளினான். இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான், அவர் நிற்கிறார், அவர் சொன்னால்தான் அவன் தும்மலாம். மேகம் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று தொம்மைக்கு இருந்தது.

அன்றைக்கு மேகம் இல்லை. சித்திரை வெயில், உச்சி. அப்பா கபிரியேல் பெட்டிக்குள் கல்யாணக் கோட்டோடு கிடந்தார், கைவிரல்களில் ஜெபமாலை சுற்றி. பூசை முடிந்து பெட்டியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, தலைமாட்டில் ஸ்டூல் போட்டுத் தூக்கி, முகம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தார்கள். இந்தக் கடற்கரையில் யார் செத்தாலும் அந்தப் படம் எடுக்காமல் பெட்டியை மூடுவதில்லை. பெண்டு பிள்ளைகள், மருமக்கள், சம்பந்தக்காரர் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நிற்க, செத்தவர் நடுவில் இருக்க, ஒரு படம். கப்பலில் இருக்கிற மகனுக்கு அனுப்ப, வராத உறவுக்குக் காட்ட, வந்தவர்கள் வந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக. ஊர்ச் சாவுக்கெல்லாம் அந்தப் படத்தை எடுப்பது தொம்மைதான். சொந்த அப்பன் சாவுக்கு வேறு ஆளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, கொல்லன் தெருவில் ஊசி வாங்க வெளியூருக்கா போவார்கள். ஒரு தோளில் பெட்டியைத் தாங்கிக்கொண்டுதான் வாசல் வரைக்கும் வந்தார், கழுத்தில் தொங்கின கேமரா நடைக்கு நடை நெஞ்சில் இடித்தது. அதை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கத்தான் நினைத்தார். அப்பாவின் தலைமாட்டில், வலது பக்கம், அவருக்கென்று ஓர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். சந்தியாகு அந்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னான்.

"நீ மொதல்ல எடுல. பொறவு ஒனக்கு ஒண்ணு நான் எடுக்கேன்."

எடுக்கேன் என்றான். அந்தச் சொல் அப்படியே இருக்கிறது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த அரிவாள் மாதிரி. தொம்மை எடுத்தார். பின்னால் சுண்ணாம்பு அடித்த கோயில் சுவர் கண்ணைக் குத்துகிற வெள்ளை, முன்னால் அப்பாவின் கறுப்புக் கோட்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வெளிச்சம் அந்த வெயிலில் கிடையாது. பிலிம் காலம், எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று கழுவிப் பார்த்தால்தான் தெரியும், அப்பாவை மறுபடி சாகச் சொல்லி எடுக்க முடியாது. அதனால் ஒன்றைக் கணக்குப்படி எடுத்தார். குறைத்து ஒன்று எடுத்தார். கூட்டி ஒன்று எடுத்தார். அப்போது அதற்குப் பேரெல்லாம் கிடையாது, பயந்தான் பேர். மூன்றாவதுக்குக் கண்ணை வைக்கும்போது சந்தியாகு பல்லைக் கடித்துக்கொண்டு, எத்தன தடவைல எடுப்ப, வெயில்ல ஆளுக நிக்காங்க என்றான். மூன்றாவதையும் எடுத்துவிட்டுத் தொம்மை கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, வாரைச் சுருட்டி, அண்ணனிடம் நீட்டினார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. சந்தியாகு அவரைப் பார்க்கவில்லை. பெட்டிக்காரனைப் பார்த்து, மூடுங்க, சாமி கல்லறைக்குப் போயிட்டாரு என்றான். கேமராவின் கறுப்புத் தோல் வெயிலில் சுட்டது. யாரோ பின்னாலிருந்து, தொம்ம, பெட்டியப் பிடில என்றார்கள். பிடித்தார். ஆணி இறங்குகிற சத்தம் கேட்டது, ஒவ்வொன்றும் ஷட்டர் விழுகிற மாதிரி.

மேகம் போய்விட்டது. தொம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலாவதை அமுக்கினார். டக்கென்று சின்னச் சத்தம். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார், சன்னலில் சிறகு விரித்த மிக்கேல் சம்மனசின் சிவப்பு அங்கி மட்டும் எரிந்தது, கீழே அண்ணன் கறுப்பாக, தலையும் தோளுமாக ஒரு மேடு. நன்றாகத்தான் இருந்தது அப்படிப் பார்க்க. இரண்டாவதை அமுக்கப் போகையில் அந்த மேடு காதைச் சொறிந்தது. ஆடிட்டீங்கண்ணே என்றார். ஈ உக்காந்துச்சுல என்றான் அவன். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், ஆனால் தொடங்கினதை முடிக்காமல் கேமரா கேட்காதே, வீணாகப் போகிற இரண்டையும் வேண்டா வெறுப்பாக அமுக்கித் தீர்த்தார். எத்தன தடவைல எடுப்ப என்று சந்தியாகு கேட்டான். அதே வார்த்தை, எழுத்துப் பிசகாமல். தொம்மை பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். கேட்டவனுக்குக் கேட்டது ஞாபகம் இல்லை, முதுகில் ஓர் அசைவும் இல்லை. தொம்மை நிதானமாக விளக்கினார். மூணு தடவை அமுக்கணும்ணே, இருட்டா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு, மூணும் சேந்தாத்தான் ஒரு படம், எடையில அசைஞ்சா முத்துச்செல்வி சொல்லுவா, ரெண்டு தலையா வரும், இல்லைன்னா மெஷினே ஆளைப் பேயின்னு நெனச்சு அழிச்சிரும். சரி சரி, எடு என்றான். கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை. வாத்தியார்கள் கேட்பதில்லை, சொல்லத்தான் செய்வார்கள். தொம்மையை ஐந்தாவதோடு நிறுத்தி அவனைப் படிக்க வைத்தார் அப்பா, ஒருத்தன் படிக்கட்டும் ஒருத்தன் சம்பாதிக்கட்டும் என்று. அதைக்கூடத் தொம்மை வரிசையில் சேர்க்கவில்லை. அது அப்பா செய்தது, செத்தவர்களை அவர் வரிசையில் நிறுத்துவதில்லை.

அப்பாவைப் பெட்டியில் வைத்து எடுத்த அந்தப் படம் சந்தியாகு வீட்டு முன்னறையில் தொங்குகிறது. மூன்றில் நல்லதைத் தொம்மையே பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, ஆணியும் அடித்துக் கொடுத்தார். எல்லாரும் இருக்கிறார்கள் அதில். அத்தைமார், மச்சான்மார், ஐஸ் கம்பெனிக்காரர்கூட இருக்கிறார், அப்பாவுக்கு அவர் என்ன உறவு என்று இன்றுவரைக்கும் தெரியாது. தலைமாட்டில் வலது பக்கம் சந்தியாகு, பெட்டி விளிம்பில் கை வைத்துக்கொண்டு. போன வருஷம் அவன் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள், நாசரேத் பக்கத்துப் பிள்ளை, நல்ல பிள்ளைதான். காப்பி கொடுத்துவிட்டுப் படத்தை ஒவ்வொருவராக விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள், கடைசியில் தொம்மையைத் திரும்பிப் பார்த்து, சின்ன மாமா நீங்க அப்ப ஊர்ல இல்லியா என்றாள். கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை, அதனால்தான் அது உள்ளே போய் இறங்கிற்று. தொம்மை வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அண்ணன் சொன்னான்.

"அவன் எப்பவும் பின்னாலதாம்மா. முன்னால வந்தாம்னா கேமரா ஒடைஞ்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். தொம்மையும் சிரித்தார், காப்பியைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். மனைவி ரெஜினாவிடம் சொன்னார். அவள் மீனை அலசிக்கொண்டே, அவுக அன்னைக்கே மறந்திருப்பாவ, நீங்க அதப் போயி இத்தன வருஷமா மடியில கட்டிக்கிட்டு அலையுதீக என்றாள். மறந்திருந்தால் அது இன்னும் மோசம் இல்லையா. ஞாபகம் வைத்துக்கொண்டு கொடுக்காதவன் திருடன், மறந்தவனுக்கோ அவர் ஓர் ஆளே இல்லை. இந்த இரண்டில் எது என்று இன்னும் தெரியவில்லை. சில ராத்திரிகளில் திருடனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

மறுபடி முதலாவது. டக். சன்னல். இரண்டாவது. டக். அரைகுறை. அண்ணன் கல் மாதிரி இருந்தான் இந்தத் தடவை, மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை, ஒரு கணம் தொம்மைக்குப் பயம் பிடித்தது, வேக்காட்டில் உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டானோ, போய்விட்டால் அவ்வளவுதான், வரவேண்டியதும் போயிற்று, கனடாவுக்குப் போனால் என்ன கல்லறைக்குப் போனால் என்ன. மூன்றாவது. ஷட்டர் திறந்து, நின்று, வெளிச்சத்தைக் குடித்து, மூடிற்று. திரையில் சன்னல் வெள்ளையாக எரிந்து போக, பெஞ்சில் இருட்டு விலகி அண்ணன் தெரிந்தான். பெருக்கிப் பார்த்தார். பின்கழுத்து ஒடுங்கி, இரண்டு நரம்புக்கு நடுவே குழி விழுந்து, காது மடல் மெலிந்து தொங்கி, அது அப்பாவின் கழுத்து. வள்ளத்தில் முன்னால் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பின்னாலிருந்து அவர் பார்த்த கழுத்து. தொம்மைக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் கழுத்தைக்கூட எடுத்துக்கொண்டானே. இவருக்கு வந்தது அப்பாவின் முட்டி வலியும் முன்கோபமுந்தான். ஒரு நினைப்பு எப்போதும் வந்து முட்டுகிற இடத்தில் இப்போதும் வந்து முட்டியது. அன்றைக்கு மூன்று எடுக்காமல் ஒன்றோடு நிறுத்தியிருந்தால் நேரம் இருந்திருக்கும். சாமி கல்லறைக்குக் கிளம்பியிருக்க மாட்டார். கேமராவை நீட்டின கைக்கு எதிர்க்கை வந்திருக்கும். பயந்து பயந்து எடுத்த அந்த இரண்டும் அவர் பங்கைத் தின்றுவிட்டன. அப்படியானால் கொடுக்க வேண்டியவன் யார். இல்லை, அந்தப் பக்கம் போகக் கூடாது. மூன்றுக்கு நேரம் இருந்தவனுக்கு நாலாவதுக்கு நேரம் இல்லையா, ஒரு டக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும், கண்ணைச் சிமிட்டுகிற நேரம். சொன்னது அவன். எடுக்கேன் என்றது அவன். தொம்மை அந்த நினைப்பின் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுத்து உள்ளே தள்ளினார், அது பழகின நாய் மாதிரி போய்ப் படுத்துக்கொண்டது.

முடிஞ்சுதுண்ணே என்றார். சந்தியாகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், முட்டி இரண்டும் சடசடத்தன, அவனுக்கும் வந்திருக்கிறது போலிருக்கிறது முட்டி வலி, இத்தனை நாள் சொல்லவில்லை. வேட்டியை உதறிக்கொண்டு கேமரா பக்கம் வந்து திரையைக் குனிந்து பார்த்தான், என் மொகம் தெரியுதா என்று கேட்டான், தெரியுது என்றார். காலண்டர்ல அடிச்சதும் கனடாவுக்கு ஒண்ணு அனுப்பி வை என்றான். ம் என்றார். இதோ, இப்போது போய்விடுவான். காரில் ஏறிப் போய்விடுவான், வியாழக்கிழமை ப்ளைட்டில் ஏறிப் போய்விடுவான். கேட்கலாமா. அண்ணே, ஒரு படம் எனக்குத் தரவேண்டியது இருக்கு. எப்படிக் கேட்பது, கிழட்டு வயசில், மிட்டாய் கேட்கிற பிள்ளை மாதிரி. கேட்டு வாங்கினால் அது வந்த மாதிரி ஆகுமா. அதோடு இன்னொரு பயமும் உண்டு, ரெஜினாவுக்குக்கூடத் தெரியாதது. அவன் கொடுத்துவிட்டால் என்ன செய்வது. இத்தனை காலம் காலையில் எழுந்து பல் விளக்கும்போது ஒரு தடவை, ராத்திரி பாய் விரிக்கும்போது ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்ட சாமான், திடீரென்று மடியில் இல்லாமல் போனால் வேட்டியே நழுவிவிடும் போலிருந்தது. அவன் போகட்டும். கொடுக்காமலே போகட்டும். அப்படி நினைத்து ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தக் கையை வைத்தபோது சந்தியாகு அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"இருல. போய் நில்லு. ஒனக்கு ஒண்ணு நான் எடுக்கேன்."

தொம்மைக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. கால் தானாக நடந்தது. பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே, பீடத்துக்கு முன்னால், அப்பாவின் பெட்டியைப் பூசைக்கு இறக்கி வைத்திருந்த இடத்தில் போய்த் திரும்பி நின்றார். கையை எங்கே வைப்பது. மாப்பிள்ளைமாரின் கையை, புதுப்பெண்களின் கையை, பிணங்களின் கையை எடுத்து வைக்கத் தெரிந்தவருக்குத் தன் கை இரண்டும் யாரோ தொங்கவிட்டுப் போன மீன் மாதிரி இருந்தன. தலைமாட்டில் வலது பக்கம் என்றால் எது, இடம் ஞாபகம் இருக்கிறது, பெட்டிதான் இல்லை. கொஞ்சம் வலப்பக்கமாக நகர்ந்து நின்றார். சன்னலின் சிவப்பு முதுகில் சுட்டது. அங்கே அண்ணன் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இதத்தான அமுக்கணும் என்றான். ஆமாண்ணே என்றார். ஆடாதல என்றான். தொம்மை ஆடவில்லை. டக்கென்று விழுந்தது. சின்னச் சத்தம், அது இருட்டுப் படத்தின் சத்தம், நூறு சத்தத்தில் அவருக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்காக நின்றார். இரண்டாவது வரவில்லை. சந்தியாகு நிமிர்ந்துவிட்டான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, ஆச்சு என்றான். மரியானைக் கூப்பிட்டு விசிறியைப் போடச் சொன்னான். பிறகு தொம்மையைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, இரண்டாம் பேருக்குக் கேட்காத மாதிரி சொன்னான்.

"அன்னைக்கு விட்டுப்போச்சுல்லா. இப்ப சரியாப்போச்சு, என்ன?"

அப்படியானால் தெரியும். அன்றைக்கும் தெரியும், ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைத்துக் கேக் கொடுத்தபோதும் தெரியும், கேமரா ஒடைஞ்சிரும் என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தபோதும் தெரியும். திருடன்தான். வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது, கிடைத்ததும் அது வாயில் கசந்தது. மேலே விசிறிகள் முனகிக்கொண்டு கிளம்பின. தொம்மை இன்னும் நின்ற நிலையிலேயே நின்றார், ஒரு மயிர்க்கால் அசையாமல். இன்னும் ரெண்டு அமுக்கணும்ணே என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. சொன்னால் அவன் அமுக்குவான், முனகிக்கொண்டாவது குனிந்து அமுக்குவான், மூன்றும் சேரும், முத்துச்செல்வி அடுக்கித் தருவாள், அதில் அவர் முகம் இருக்கும். எல்லாம் தீர்ந்துவிடும். முன்னமே விளக்கமாகச் சொல்லவும் சொன்னார், மூன்று தடவை என்று, சரி சரி என்றானே. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு கணம், விசிறி ஒரு சுற்று சுற்றுகிற நேரம், சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. என்னல மரம் மாதிரி நிக்க, எடுத்தாச்சுல்லா என்றான் சந்தியாகு. தொம்மை அந்தச் சொல்லை விழுங்கினார். அது மீன் முள் மாதிரி இறங்கிப் போய் அதன் பழைய இடத்தில் குத்தி நின்றது. நின்றதும் உடம்புக்கு ஓர் ஆறுதல் வந்தது.

கேமரா பக்கம் வந்து திரையைப் பார்த்தார். சம்மனசின் சிவப்பும், ஈட்டியின் மஞ்சளும், காலடியில் கிடந்த பாம்பின் பச்சையும் துல்லியமாக இருந்தன. அதற்கு முன்னால் கறுப்பாக ஒரு மனுஷ உருவம், கண்ணில்லை, மூக்கில்லை, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மூலையில் பாக்கி இரண்டுக்கான கோடு மின்னிக்கொண்டிருந்தது. நல்லா வந்திருக்கா என்று வாசலிலிருந்து சந்தியாகு கேட்டான், செருப்பைத் தேடிக்கொண்டே. வந்திருக்குண்ணே என்றார். வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தொம்மை கேமராவை அணைத்து, மூடியைப் போட்டு, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நாளைக்கு ஒரு ஞானஸ்நான வீடு இருக்கிறது. அதற்கு எதிர் ஸ்டூடியோக்காரனிடம் போய்க் கேமரா இரவல் கேட்க வேண்டும், அவனிடம் இதுவரைக்கும் போய் நின்றதில்லை, போகத்தான் வேண்டும். இதில் எடுக்க முடியாது. இதில் அண்ணன் தரவேண்டிய இரண்டு அமுக்கு இன்னும் பாக்கி கிடக்கிறது.